நூற்றிருபது மணி நேரம்

அறுபத்து நான்காம் வருஷம் பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறை வெளிமாணவர்களுக்காக ஒரு புதிய ஏற்பாட்டைத் தொடங்கியது. வகுப்புக்குப் போக வேண்டாம். ஒரு கேள்வியை நாமே எடுத்துக்கொண்டு, நாமே படித்து, கட்டுரை எழுதிக் கொடுக்கலாம். எவ்வளவு படித்தோமோ அவ்வளவு மதிப்பு. நாற்பது மணி நேரத்துக்கு ஓர் அலகு, எண்பதுக்கு இரண்டு, நூற்றிருபதுக்கு மூன்று.

என் எம்.ஏ. முடிய மூன்று அலகுகள் பாக்கி. அதை முடித்தால் ஒரு கல்லூரியில் டியூட்டர் வேலை நிச்சயம் என்று சொல்லியிருந்தார்கள். முப்பத்தாறு வயதில், நெய்வேலிக்கு வெளியே ஓர் ஒப்பந்தக்காரரின் பம்ப் கொட்டகையில் தண்ணீர் அளவை எழுதிக்கொண்டிருந்தவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி இது: சொல்லாமல் விடுவது ஒரு செயல் ஆகுமா?

வழிகாட்டியாக வந்த ஜானகியம்மாள் என்னைவிட ஆறு வயது இளையவர். மாதம் ஒரு சனிக்கிழமை கடலூருக்கு வருவார். முதல் நாளே பக்க எண் போட்டு முத்திரை குத்திய நோட்டு ஒன்றைக் கொடுத்தார். படித்த ஒவ்வொரு மணியையும், எங்கிருந்து எதுவரை என்று மையில் எழுத வேண்டும். கடைசியில், இவை எதுவும் வேலை நேரம் இல்லை என்று முதலாளி தரப்பில் கையெழுத்து வாங்க வேண்டும். நான் பஸ்ஸில் படித்ததைக்கூட விடாமல் எழுதினேன்.

எனக்கு அடுத்த ஷிப்டு மருதமுத்து. பக்கத்து ஊர், வடக்குத்துக்காரர். தோளில் துண்டோடு கொட்டகைக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"இன்னா சாமியாரே, கடவுள் இருக்காரா இல்லியா? சீக்கிரம் முடிவு பண்ணு. எங்க வூட்டுக்காரி ஆடி மாசம் கூழு ஊத்தணும்னுகினு இருக்கா. இல்லன்னு சொன்னா எனக்கு ஒரு மூட்ட கேவுரு மிச்சம்."

"இந்தக் கேள்வி அதைப் பற்றி இல்லை."

"பின்ன எதப் பத்தி? நீ சொல்லவும் மாட்ட, சிரிக்கவும் மாட்ட."

எங்கள் கொட்டகையில் ஷிப்டு மாறுவதற்கு ஒரு முறை உண்டு. கையெழுத்து பாதி, வாய்வார்த்தை பாதி. பம்ப் எப்படி ஓடுகிறது, எங்கே கோளாறு என்று வருகிறவரிடம் நேரில் சொன்ன பிறகுதான் போக வேண்டும். ஆனால் ரிஜிஸ்டரில் கையெழுத்தை எல்லோரும் ஒரு மணிக்கே போட்டு வைத்துவிடுவோம். 'இரண்டு மணி, சரியாக ஓடுகிறது, ஒப்படைத்தேன்.' தினமும் எழுதுகிற வரிதானே.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி காலையிலேயே மோட்டார் உறையைத் தொட்டால் ஷாக் அடித்தது. பம்பை நிறுத்த முடியாது, மண் வெட்டுகிற பள்ளத்தில் தண்ணீர் ஏறிவிடும். கரண்டுக்காரருக்கு ஆள் அனுப்பிவிட்டு, சுவிட்சைக் கட்டையால் தள்ளிக்கொண்டிருந்தேன். அன்று ஜானகியம்மாள் கடலூருக்கு வருகிற நாள். ஒன்று இருபதுக்கு பஸ். மருதமுத்து வழியிலேயே எதிர்ப்படுவார், சொல்லிவிடலாம் என்று ஒன்று பத்துக்குக் கிளம்பினேன். அவர் எதிர்ப்படவில்லை. பஸ் வந்தது. ஏறினேன். குறிஞ்சிப்பாடி வரும்வரை அவர் நினைவு இருந்தது. அதன்பிறகு புத்தகத்தைத் திறந்தேன். இறங்குவதற்கு முன்பு நோட்டில் எழுதினேன்: 'மதியம் 1.20 முதல் 2.50 வரை. பஸ்ஸில். ஒன்றரை மணி.'

நான் திரும்பி வருவதற்குள் மருதமுத்துவின் உடலை எடுத்துப் போய்விட்டார்கள்.

ஒப்பந்தக்காரர் விசாரணை வைத்தார். ரிஜிஸ்டரில் என் கையெழுத்து சரியாக இருந்தது. ஷாக் அடிப்பதை மருதமுத்துவிடம் சொன்னீரா என்று கேட்டார்கள்.

"சொன்னேன்" என்றேன்.

அவ்வளவுதான். எச்சரித்தும் தொட்டார் என்று எழுதிக்கொண்டார்கள். எச்சரித்தும் ஏன் தொட்டார் என்பதற்கு ஊரே ஒரு காரணம் கண்டுபிடித்தது: குடித்திருந்தார். அவர் மனைவி தனம் புருஷன் இடத்தில் தனக்கு ஒரு வேலை கேட்டு வந்தபோது, அவர் மேல்தான் தப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் செங்கல் சூளைக்குப் போனாள்.

அவர் இடத்துக்கு அய்யாசாமி வந்தார். தினமும் இரண்டு மணிக்கு அவரிடம் எல்லாவற்றையும் சொல்வேன். திரும்பவும் சொல்வேன்.

"போதும்யா, கோயில்ல மந்திரம் சொல்ற மாதிரி தெனமும் சொல்றியே" என்பார்.

அவருக்குப் பின்னால் இன்னொருவர் நிற்பார். தோளில் துண்டு இருக்கும். எதுவும் கேட்கமாட்டார். தனக்கும் சொல்லப்படும் என்று பொறுமையாக நிற்பார். நான் தலை தூக்காமல் வெளியேறுவேன். பிறகு உட்கார்ந்து கட்டுரை எழுதுவேன். ஒரு வாக்கியம் முடிந்ததும், தோளுக்குப் பின்னாலிருந்து யாரோ அதை மெதுவாகப் படித்து முடிக்கும்வரை அடுத்ததை எழுத முடியாது. அவருக்கு வாசிப்பு வேகம் குறைவு.

ஜனவரியில் கூட்டிப் பார்த்தேன். சரியாக நூற்றிருபது மணி நேரம். அந்த ஒன்றரை மணியும் சேர்த்து.

அந்த நோட்டை ஒப்பந்தக்காரர் ஆபீசில் கொடுத்தால், என் வேலை நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இரண்டு மணிவரை கொட்டகையில் இருந்தவன் ஒன்று இருபதுக்கு எப்படி பஸ்ஸில் படித்தான்?

சனிக்கிழமை காலை லீவு போட்டுக் கடலூருக்குப் போனேன். ஒரு பதிவுக்கு மட்டும் கையெழுத்து வாங்க முடியாது என்று ஜானகியம்மாளிடம் சொன்னேன்.

"எது?"

காட்டினேன்.

"ஒன்றரை மணிதானே. குறுக்கே கோடு போட்டு ஓரத்தில் கையெழுத்திடுங்கள். இன்னொரு நாள் உட்கார்ந்து படித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் இப்போது இரண்டு அலகு எடுங்கள், மூன்றாவதை அடுத்த வருஷம் பார்க்கலாம். அதற்குத்தானே இந்த ஏற்பாடே?"

நான் நோட்டை மூடினேன். அவர் கட்டுரையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லாமல் விடுவதும் செயல்தான் என்று அழகாக நிறுவியிருக்கிறீர்கள், துரைராஜ். ஒரே குறை, இத்தனை பக்கத்தில் ஓர் உதாரணம்கூட இல்லை. நடந்த மாதிரி ஒன்று சேருங்கள். மூன்று அலகுக்கும் நானே சிபாரிசு செய்கிறேன்."

திரும்பும் பஸ்ஸில் நோட்டை மடியில் விரித்துப் பேனாவைத் திறந்தேன். போட வேண்டியது ஒரு கோடு, ஓர் அங்குல நீளம். மை நிப்பில் காய்ந்தது. பக்கத்து இருக்கை குறிஞ்சிப்பாடியிலிருந்து காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் ஒதுங்கியே உட்கார்ந்திருந்தேன்.

வடக்குத்தில் இறங்கினேன்.

தனம் வாசலில் உட்கார்ந்து முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்கண்ணா. இன்னா இவ்ளோ தூரம்? குந்துங்க."

நான் உட்காரவில்லை. நோட்டைத் திறந்து அந்த வரியைப் படித்தேன். அவளுக்குப் புரியவில்லை. பஸ், நேரம், ரிஜிஸ்டரில் முன்னாலேயே போட்ட கையெழுத்து, ஷாக் அடித்த மோட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முறம் அவள் கையிலேயே இருந்தது.

"அப்ப அவுருகிட்ட நீ சொல்லவே இல்ல."

"இல்லை."

"இது எப்ப எழுதினது?"

"அன்றைக்கே."

"அன்னிக்கே எழுதி வெச்சிகினு, நாலு மாசம் இன்னா பண்ண?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது.

"படித்தேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்றும் நினைத்தேன். முறத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆபீசு அஞ்சு மணி வரிக்கும் இருக்கும். நட."

அவள் முன்னால் நடந்தாள்.

ஆபீசில் எழுத்தர் மட்டும் இருந்தார். நான் சொல்லத் தொடங்கியதும் பேனாவை மூடினார்.

"துரைராஜ், எழுதினா உன் வேலை போயிடும். அதோட நிக்காது, போலீஸ் கேஸ்கூட ஆவும். யோசிச்சியா?"

"எழுதுங்க" என்றாள் தனம்.

"நான் அவரைக் கேட்டேன்மா."

"அவுரு யோசிச்சதெல்லாம் போதும். நீங்க எழுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்று பத்திலிருந்து ஆரம்பித்தேன். அவர் இரண்டு பக்கம் எழுதினார். கையெழுத்திட்டேன். சாட்சிக்காக நோட்டை வாங்கி மேஜை அறைக்குள் போடப் போனார். அது இல்லாமல் எனக்கு ஓர் அலகும் கிடையாது.

"வாங்கிகினதுக்கு சீட்டு குடுங்க" என்றாள் தனம். "நாளைக்கு அப்பிடி ஒண்ணுமே வரலன்னுடுவீங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, மேஜைமேல் இருந்த வாக்குமூலத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. இன்னா எழுதியிருக்காருன்னு படி."

படித்தேன். தேதி, நேரம், என் பெயர், என் அப்பா பெயர். இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருந்தது: 'மோட்டாரில் ஷாக் அடிப்பதை மருதமுத்துவிடம் நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. அவர் குடித்திருக்கவில்லை.'

"இன்னொரு தரம் படி" என்றாள்.

எழுத்தர் ஜன்னல்களைச் சாத்தத் தொடங்கியிருந்தார். நான் அந்த மூன்று வரியையும் மறுபடி படித்தேன்.

"இன்னொரு தரம்."