சிங்கப்பூரில் இருந்து வெந்த சோறு

மலேசியாவில் கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் ஐவனின் ஒற்றை மாடி வீட்டுக் கூரையில் சோலார் தகடுகள் ஏறிய கொஞ்ச நாளிலேயே அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. கப்பல் பட்டறையில் எலெக்ட்ரீஷியன். கிள்ளானில் கிடைக்காத சம்பளம். மூன்று வருட ஒப்பந்தம், மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரலாம்.

"மூணு வருஷம் என்ன லா, கண்ண மூடித் தொறந்தா ஓடிரும்" என்றான் மனைவியிடம்.

ஷார்மைன் தலையாட்டினாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவன் போனால் வீட்டில் அவள் மட்டும்தான்.

துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. காலையில் கிளம்பினால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். வந்த பிறகு துணி துவைப்பாள், சோறு வடிப்பாள், படுக்கை அறையில் குளிர்சாதனத்தைப் போடுவாள். இதையெல்லாம் ஐவன் சிங்கப்பூரில் இருந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தான். கூரைத் தகடுகள் எவ்வளவு மின்சாரம் தருகின்றன, வீடு எவ்வளவு எடுக்கிறது என்பதைக் காட்டும் ஆப் அவனுடைய போனில் இருந்தது.

"இன்னிக்கு வெயில் எப்படி அடிச்சிருக்கு தெரியுமா ஷார்மி? தகடு குடுத்த கரண்டு எல்லாம் வெளிய லைனுக்குப் போயிருச்சு. நீ பொழுது சாஞ்சப்புறம் துணி போடுற. அது காசு குடுத்து வாங்குற கரண்டு."

"பகல்ல துணி போட நான் என்ன வீட்லயா இருக்கேன்?"

"அதுக்கில்ல. வெளிய அனுப்புறதவிட வீட்டுக்குள்ளயே செலவழிச்சாத்தான் நமக்கு நல்லது, அதச் சொன்னேன்."

தினமும் இதே பேச்சு. போனை வைத்த பிறகு ஷார்மைன் தனியாகச் சோறு போட்டுக்கொள்வாள். வெயிலைப் பற்றிக் கேட்டான், வாஷிங் மெஷினைப் பற்றிக் கேட்டான், நீ சாப்பிட்டியா என்று மட்டும் கேட்கவில்லை.

அடுத்த முறை விடுமுறைக்கு வந்தபோது பை நிறைய வைஃபை பிளக்குகள் கொண்டுவந்தான். ரைஸ் குக்கருக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று. குளிர்சாதனத்துக்கு ரிமோட் போல ஒரு சின்ன டப்பா. வாஷிங் மெஷின் புதிது, அதைப் போனிலேயே ஓட்டலாம். வந்த இரண்டு நாளும் ஸ்குரூடிரைவரும் கையுமாகவே திரிந்தான்.

"காலையில துணியையும் சோப்பையும் மெஷின்ல போட்டுட்டுப் போ. அரிசியக் கழுவித் தண்ணி ஊத்தி வச்சிட்டுப் போ. மத்தத நான் பாத்துக்குறேன்."

"அங்க இருந்தா?"

"அங்க இருந்துதான். வெயில் ஏறினதும் மெஷின். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா தகடு தாங்காது, லைன்ல இருந்து இழுக்கும். ஒண்ணு முடிஞ்சப்புறம் இன்னொண்ணு. ஏர்கோன் மட்டும் சாயங்காலம் வெயில் இறங்குறதுக்கு முன்னாடியே. ரூம் குளுந்துட்டா நீ வர்ற வரைக்கும் நிக்கும்."

அவன் போன பிறகு வந்த திங்கட்கிழமை, ஷார்மைன் வேலை முடிந்து கதவைத் திறந்தாள். சோற்று மணம் வந்தது. "ஐவன்?" என்று வாய்விட்டுக் கூப்பிட்டும் விட்டாள். பதில் இல்லை. சமையலறையில் ரைஸ் குக்கரின் மூடியில் நீர் கோத்திருந்தது. மெஷினில் துணி பிழிந்து கிடந்தது. படுக்கை அறைக் கதவைத் திறந்ததும் சில்லென்ற காற்று முகத்தில் வந்து மோதியது. கட்டிலின் ஓரத்தில், அவன் படுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி ஆன்டி வேலியோரம் நின்று அவளைக் கூப்பிட்டது அந்த வாரத்தில்தான்.

"ஏம்மா, உங்க வீட்ல யாரோ இருக்காங்க போல. நீ வேலைக்குப் போனப்புறம் ஏர்கோன் ஓடுது. மெஷின் சுத்துது. எனக்குப் பயமா இருக்கு."

"ஐவன்தான் ஆன்டி."

"அவன் சிங்கப்பூர்ல இல்ல?"

"அங்க இருந்துதான் ஓட்டுறாரு."

ஆன்டி அவளை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல குடித்தனம் போ" என்று உள்ளே போய்விட்டார்.

நாளடைவில் அது பழகிவிட்டது. பழகிய பிறகுதான் சண்டையும் வந்தது. ஒருநாள் அவசரத்தில் ஷார்மைன் அரிசி போட மறந்து குக்கரை மட்டும் மூடிவைத்துவிட்டுப் போய்விட்டாள். ஐவன் அங்கிருந்து பொத்தானைத் தட்டியதில் வெறும் பானை சூடேறிக் கறுத்துப் போனது.

"அரிசி போடலேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"போட்டியான்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? நீ குக்கர்கிட்டதான பேசுற. என்கிட்டயா பேசுற?"

மறுநாள் காலையில் அவள் கிளம்புமுன் மெசேஜ் வந்தது. அரிசி போட்டாச்சா? அதன் கீழே, நீ சாப்ட்டியா? ஷார்மைன் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு 'ம்' அனுப்பினாள். அன்று முழுக்க அலுவலகத்தில் அவளுக்குச் சிரிப்பாக வந்துகொண்டிருந்தது.

இரண்டாவது வருடம், மழைக்காலத்தில் ஒருநாள் அவள் கதவைத் திறந்தபோது வீடு அனலாக இருந்தது. எந்த மணமும் இல்லை. குக்கரில் அரிசி தண்ணீரில் ஊறிப் பருத்துக் கிடந்தது. மெஷினில் காலையில் போட்ட துணி காய்ந்தபடியே இருந்தது. மழையால் தகடுகள் ஓடவில்லை போல என்று முதலில் நினைத்தாள். ஆனால் அன்று கிள்ளானில் மழையே இல்லை.

போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் ஐவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த தனேஷ் கூப்பிட்டான். "அக்கா, பயப்படாதீங்க. உயிருக்கு ஒண்ணும் இல்ல. ஏணி ஈரமா இருந்திருக்கு, அண்ணே வழுக்கி விழுந்துட்டாரு. கால்தான். ஆபரேஷனுக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க."

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து எல்லையில் இருக்கும் ஜொகூர் போனாள். சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டி, குடிநுழைவு வரிசையில் நின்று, மருத்துவமனையைத் தேடிப் போய்ச் சேர்ந்தபோது நடுப்பகல். ஐவன் கட்டிலில் சாய்ந்து கிடந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்து, உள்ளே இரும்புத் தகடு வைத்திருந்தார்கள். முகம் வற்றிப் போயிருந்தது. அவளைப் பார்த்ததும் தலைமாட்டில் இருந்த போனை எடுத்துக் காட்டினான்.

"பாரேன். அங்க என்னமா வெயில் அடிக்குது. வீட்ல ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடுது."

"இப்ப இதுவா முக்கியம்?"

"சாப்பாட்டு நேரத்துல இங்க எல்லாவனும் போன்ல பொண்டாட்டி பிள்ள முகத்தப் பாத்துக்கிட்டு இருப்பானுங்க. அந்த நேரம் நீ வேலையில இருப்ப. நான் வீட்டப் பாப்பேன். மெஷின் சுத்துறது தெரியும். சோறு வேகுறது தெரியும். அதுல நீ காலையில தொட்ட அரிசி வேகுதுன்னு நெனச்சுக்குவேன்." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஷார்மைன் கட்டிலின் கம்பியை இறுகப் பிடித்தபடி நின்றாள். இத்தனை நாளும் அவன் கரண்டைக் கணக்குப் பார்க்கிறான் என்று நினைத்திருந்தாள்.

கொஞ்ச நாளில் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். காலில் கட்டு, கையில் ஊன்றுகோல். அதன் பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. துறைமுகத்தில் இருந்து வீட்டுக்குக் காரில் வர அதிக நேரம் ஆகாது. மதியம் வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். இவ்வளவு வருடமும் அவள் அதைச் செய்ததில்லை. வந்து யாரைப் பார்ப்பது?

முதல்நாள் மதியம் அவள் வந்தபோது எல்லாச் சன்னலும் திறந்திருந்தன. வெயில் சமையலறைத் தரையில் பாதிவரை நீண்டிருந்தது. மெஷின் சுற்றி முடித்துப் பாட்டுப் போல ஒரு சத்தம் எழுப்பியது. ஐவன் ஊன்றுகோலை அலமாரியில் சாய்த்துவிட்டு, மின்அடுப்பில் நெத்திலிச் சம்பல் கிளறிக்கொண்டிருந்தான்.

"கேஸ் என்னாச்சு?"

"வெயில் சும்மாக் கெடக்கு, எதுக்கு கேஸ்? உக்காரு."

பகலில் தன் வீடு இப்படி இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. இருவரும் முகம் பார்த்துச் சாப்பிட்டார்கள். திரும்பிப் போகும்போது காரை எடுக்க மனசே வரவில்லை. மறுநாள் இன்னும் சீக்கிரமாக வந்தாள். எல்லாரும் சாப்பிட இறங்கும் முன்பே அவள் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்து அலுவலகத்தில் கேலி பேசினார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

கட்டைப் பிரித்த அன்று டாக்டர் சொன்னார், நடக்கலாம், ஆனால் ஏணி ஏறுவதை ஒரு வருடத்துக்கு மறந்துவிட வேண்டும் என்று. ஏணி ஏறாத எலெக்ட்ரீஷியன் கப்பல் பட்டறைக்கு எதற்கு? ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அங்கிருந்து செய்தி வந்தது. ஐவன் அதைப் படித்துவிட்டுப் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். அதன் பிறகு ஆப்பைத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டான். மதியச் சமையலும் நின்றது. சன்னல் ஓரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருப்பான். கேட்டால் மட்டும் பதில் சொல்வான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசையில் ஷார்மைன் கண்ணை மூடிக் கைகூப்பினாள். அவன் கால் சீக்கிரம் பழையபடி ஆகட்டும் என்று ஜெபிக்கத்தான் நினைத்தாள். வாய் வரவில்லை. பழையபடி ஆனால் அவன் போய்விடுவான். அவன் போகாமல் இருப்பதுதான் தனக்கு வேண்டியிருக்கிறது என்று கோயிலுக்குள் அத்தனை பேர் நடுவில் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. உடம்பு கூசியது.

வீட்டுக்கு வந்ததும் அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"ஐவன், ஒண்ணு சொல்றேன். கோவப்படு, பரவால்ல. அந்த வேல போனது எனக்குச் சந்தோஷமா இருக்கு. நீ விழுந்ததுகூட... விழுந்தாத்தான் உன்ன வீட்டுக்கு அனுப்புவானுங்கன்னா, விழுந்ததும் நல்லதுன்னு நெனச்சுட்டேன். என்ன மனுஷி நான்னு எனக்கே தெரியல."

ஐவன் அவளை வெறித்துப் பார்த்தான். எழுந்து, நொண்டி நொண்டி வெளியே போய், கார் போர்ச்சில் நின்றான். சாயங்காலம் வரை அவளோடு பேசவில்லை. அவள் அறைக்குள் படுத்திருந்தாள். தூங்கவில்லை.

பொழுது இறங்கும்போது அவன் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"எனக்கு வலிச்சுது ஷார்மி. ரொம்ப வலிச்சுது."

"தெரியும்."

"நீ சொன்னப்ப ஆத்திரம் வந்துச்சு. அப்புறம் வெளிய நின்னு யோசிச்சேன். நான் அங்க போனதுல இருந்து என்னிக்காச்சும் 'போகாத'ன்னு சொன்னியா நீ? ஒரு தடவ?"

"நீ கேக்கவே இல்லையே."

"இப்பக் கேக்குறேன்."

"போகாத" என்றாள் அவள். "எங்கயும் போகாத."

அவன் அவள் தலையில் கைவைத்தான். நீண்ட நேரம் அந்தக் கை அங்கேயே இருந்தது.

வேலை உடனே கிடைக்கவில்லை. பூச்சோங்கில் ஒரு இடம், கிள்ளானில் இரண்டு இடம் என்று அலைந்தான். நடையைப் பார்த்தே திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களின் மின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. எல்லாம் தரைமட்டத்து வேலை. சிங்கப்பூர் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. பகல் முழுதும் இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். மதியம் வீட்டுக்கு வருவதை ஷார்மைன் நிறுத்த வேண்டியிருக்கும்.

அவன் வேலையில் சேர்ந்த முதல்நாள் மாலை பெருமழை பிடித்துக்கொண்டது. அவள் முன்னமே வந்துவிட்டாள். வாசலில் குடையோடு நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"பத்து தீகா ரோட்டுல ஜேம் லா. கார் அசையவே மாட்டேங்குது. நீ சாப்பிட்டுரு."

"நீ வா. மெதுவாவே வா."

"எவ்ளோ நேரம் ஆகும்னு தெரியல ஷார்மி."

"ஆகட்டும்."

புஷ்பவல்லி ஆன்டி தன் வீட்டுச் சன்னலில் இருந்து எட்டிப் பார்த்து, "யாருக்கும்மா மழையில நிக்கிற?" என்று கத்தினார்.

"அவரு வந்துட்டு இருக்காரு ஆன்டி" என்று ஷார்மைன் திருப்பிக் கத்தினாள். தெருமுனையில் ஒவ்வொரு கார் விளக்காகத் திரும்பித் திரும்பி வேறு வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒன்று நேராக அவளை நோக்கி வந்தது.