ஈனோஸ் ஜூபலின் தோள்

அந்தக் காலையில் அவன் தோளில் ஏறியவர்கள் பதினொரு பேரா, பதினான்கு பேரா என்று இப்போது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. சொல்லச் சொல்ல ஆள் கூடிக்கொண்டே போகிறது என்கிறாள் என் மனைவி. இருக்கலாம். ஆனால் மூன்றாவதாக ஏறியவன் நான். அதில் சந்தேகமில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கென்டக்கியின் சணல் தோட்டங்களிலிருந்து தப்பி வந்து வடக்குப் படையில் சேர்ந்த அடிமைகள் நாங்கள். முகாம் வாசலில் இருந்த எழுத்தர் ஆளின் பெயரைக் கேட்பார்; பிறகு எஜமான் யாரென்று கேட்பார்; இரண்டையும் சேர்த்து எழுதிவிடுவார். அதில் தவறிருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. எங்களில் பலருக்கும் தோன்றவில்லை. ஈனோஸுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை சார்ஜன்ட் கிரீர் பட்டியலை வாசித்தார். ஈனோஸ் பிராக்டன் என்ற பெயருக்கு மட்டும் 'இருக்கேன்' என்ற பதில் வரவில்லை. ஈனோஸ் அவருக்கு எதிரிலேயே நின்றிருந்தான்.

"காதுல பஞ்சா வச்சிருக்க?"

"நல்லாக் கேக்குது சார்ஜன்ட். பிராக்டன் எஜமான் பேரு. அவரு தோட்டத்துல இருக்காரு. எங்கப்பா பேரு ஜூபல். நான் ஈனோஸ் ஜூபல்."

வரிசை சிரித்தது. கிரீரும் அடிமையாக இருந்தவர்தான். ஆனால் எழுத்தர் பெயர்ப் புத்தகத்தில் எழுதியதை மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. பதில் சொல்லாதவன் தோளில் மரக்கட்டையைச் சுமந்து இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். ஐந்து மாதம், ஏறக்குறைய தினமும், ஈனோஸ் நடந்தான். நாங்கள் காபி குடித்தபடி பார்த்திருப்போம். ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று ஒருமுறை கேட்டேன். அவன் கட்டையை இறக்கி வைத்தான்.

"நாளைக்கு நான் செத்தா, பிராக்டன் செத்தான்னுதான் எழுதுவாங்க. நான் இருந்ததாவே ஆகாது."

வர்ஜீனியாவில், மழை பெய்த ஒரு காலை, தெற்குப் படையின் மண்கோட்டை ஒன்றைப் பிடிக்க ஓடினோம். அகழிக்குள் குதித்த பிறகுதான் எதிர்ச்சுவர் இரண்டாள் உயரம் என்று தெரிந்தது. ஏணிகள், தூக்கி வந்தவர்களோடு பின்னால் விழுந்து கிடந்தன. மேலிருந்து சுட்டார்கள். ஈனோஸ் துப்பாக்கியை எறிந்துவிட்டுச் சுவரில் கை ஊன்றிக் குனிந்தான்.

"ஏறுங்கடா. அந்தக் கட்டையவிட நீங்க ஒண்ணும் கனமில்ல."

ஒருவன் தோளில் கால் வைத்ததும் ஈனோஸ் நிமிர்வான்; அவன் மேலே போனதும் மறுபடி குனிவான். கடைசி ஆள் கிரீர். அவர் பூட்ஸ் அந்தத் தோளில் பதிந்தபோது ஈனோஸின் இடுப்பில் குண்டு பாய்ந்தது. அவர் சுவரைப் பிடிக்கும்வரை அவன் சாயவில்லை. கிரீர் சுவர்மேல் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார்.

"ஈனோஸ் ஜூபல். கையக் குடு."

"இருக்கேன், சார்ஜன்ட்."

கோட்டை எங்களுடையதாயிற்று. அங்கிருந்த நான்கு பீரங்கிகளையும் எதிரிப் பக்கம் நாங்களே திருப்பி வைத்தோம். அவனை அவற்றில் ஒன்றின்மேல் சாய்த்து உட்கார்த்தினோம், பார்க்கட்டும் என்று. அன்று மாலை கிரீர் கேப்டனின் கூடாரத்துக்குள் போனார். புத்தகத்தைத் திருத்தாமல் வெளியே வரவில்லை. மறுநாள் பட்டியலை மருத்துவக் கூடார வாசலில் நின்று வாசித்தார். அவன் முறை வந்தபோது பதில் சற்றுத் தாமதித்தது. ஆனால் வந்தது.

ஈனோஸ் ஜூபல் மூன்றாம் நாள் இறந்தான், வயது இருபத்திரண்டு. கல்லறைப் பலகையில் அந்தப் பெயரே இருக்கிறது. கிரீர் ஓஹியோவில் குதிரைக்கு லாடம் அடித்துப் பிழைத்து, முதுமையில் இறந்தார். எழுத்தர் என்ன ஆனார் என்று தெரியவில்லை. பிராக்டன் தோட்டம் கைமாறிவிட்டது. போர் முடிந்த வாரமே நான் என் அப்பாவின் பெயரைச் சேர்த்துக்கொண்டேன்.