கழுத்துக்குள் ஒரு நெல்மணி

கும்பப்பூப் பருவ நெல் அறுவடை ஓய்ந்த மாசி மாதம். பூதப்பாண்டியைச் சூழ்ந்த வயல்களில் தாள் மட்டுமே நின்றது. மலையிறங்கி வந்த காற்று அத்தாள்களை வருடி, ஊரெல்லையில் தயங்கி, மெல்ல அடங்கியது. ஆலயத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான லெந்து காலம் பிறந்திருந்தது. திருமேசையை ஊதாத் துணி மூடியது, மலர்கள் விலக்கப்பட்டன, பாட்டும் தாழ்ந்த குரலிலேயே எழுந்தது.

பாடகர் குழுவின் முதற்குரல் நேசம்மாள். லெந்து வெள்ளிகளில் சொட்டு நீரும் அருந்தாமல் உபவாசம் இருப்பவள். ஆகவே உடல் தளர்ந்ததையும் பெயர்கள் மறந்ததையும் நோன்பின் களைப்பென்றே எண்ணினாள். எலும்பு நோவுக்கு, துபாயிலிருந்து மகன் அனுப்பிய கால்சியம் மாத்திரைகளை விழுங்கினாள். சிறுநீரகக் கல் மறுமுறையும் வந்து துடித்த பிறகே நாகர்கோவில் டாக்டர் பிரிஜாவிடம் போனாள்.

"ரத்தத்தில கால்சியம் கூடிப்போச்சு அம்மா," என்றார் டாக்டர். "கழுத்தில தைராய்டுக்குப் பின்னால நெல்மணி போல நாலு சுரப்பி உண்டு. பாராதைராய்டுன்னு பேரு. அதுல ஒண்ணு வீங்கி, எலும்புச் சத்தை உருவி ரத்தத்தில விடுது."

"ஆருக்கும் வராத சீக்கா இது?"

"ஆயிரத்தில ஒண்ணு ரெண்டு பேருக்கு உண்டு. ஐம்பது தாண்டின பெண்களுக்கு இன்னும் கூடுதல். வருசக்கணக்கா சத்தமே காட்டாது. பெறகு கல்லு, சோர்வு, மறதி. விட்டா, லேசா விழுந்தாலே எலும்பு ஒடியும். தண்ணி குடிக்காம இருந்தது சீக்கை இன்னும் கூட்டியிருக்கு. அந்த மாத்திரையும் வேண்டாம்."

உடன் வந்திருந்த கணவர் ஜான்ரோஸ் சிரிப்பை அடக்கினார். "ஏட்டி, தண்ணி குடின்னு நான் சொன்னா பிசாசுக்க பேச்சுன்னு சொல்லுவ. இப்பம் டாக்டரும் அதையே சொல்லுதாவ."

நேசம்மாள் சிரிக்கவில்லை. அறுவை செய்தால் நோய் தீரும்; ஆனால் குரலுக்கான நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே ஓடுகிறது. வெகு சிலருக்குக் குரல் கம்மிப்போவதும் உண்டு என்பதை டாக்டர் மறைக்கவில்லை.

"ஈஸ்டருக்குப் பாடிட்டு வாறேன்," என்றாள்.

"பாடுகதுக்கு நிக்கணும்லா? நிக்கதுக்கு எலும்பு வேணும்லா?" என்றார் ஜான்ரோஸ்.

அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "குரலு எனக்க சொத்து இல்ல. தந்தவரு பாத்துக்கிடட்டும்," என்று ஒப்பினாள்.

அறுவை அடுத்த வாரமே நடந்தது. வீங்கிய சுரப்பியை எடுத்த சற்று நேரத்திலேயே அது சுரந்த ஹார்மோன் பாதி அளவுக்கும் கீழே இறங்கிவிட்டதை இரத்தச் சோதனை காட்டிற்று. ஆனால் கண் விழித்தவளின் வாயில் காற்றே வந்தது. "வீக்கம் வடியட்டும்," என்றார் டாக்டர். எலும்பு நோவு தணிந்தது. மறந்த பெயர்கள் மீண்டன. குரல் மட்டும் கரகரப்பாகவே நின்றது. வீட்டில் அவள் பாடிப் பார்க்கவில்லை. அஞ்சினாள்.

ஈஸ்டர் அதிகாலை. ஆலயம் நிறைந்திருந்தது. குழு அவளுக்காகக் காத்து நின்றது. நேசம்மாள் மூச்செடுத்தாள். முதல் சொல் நடுங்கிற்று, இரண்டாவது நிமிர்ந்தது, மூன்றாவது அடியில், அணை திறந்து கால்வாய் நிறைவதுபோல் அவள் குரல் ஆலயமெங்கும் பரந்தது. "உயிர்த்தார்" என்ற சொல் உச்சிக்கு ஏறியபோது சபை முழுவதும் எழுந்து உடன் பாடியது. ஜான்ரோஸ் மட்டும் பாடவில்லை. அவள் நிமிர்ந்து நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்த பின், அவள் தனியே திருமேசைமுன் முழந்தாளிட்டாள். கடவுளிடம் ஒன்றும் கேட்கவில்லை, நெற்றியைத் தரையில் பதித்தாள்.

அருகே வந்த போதகர் அவள் தலைமேல் கைவைத்தார்: "மகளே, உன் எலும்புகள் பலப்படுக. உன் நாவில் துதி என்றும் தங்குக. சமாதானம் உன்னோடு வீடு வந்து சேர்க."