கீழ்ப்பக்கம் பிடித்தவர்

அந்தக் குடியிருப்பில் எல்லாரும் அவரை 'பீரோ' என்றுதான் சொல்வார்கள். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஆயுசு முழுக்கத் தூக்கி இறக்கியவர். வேலையை விட்ட பிறகும் பேர் விடவில்லை.

மனிதர்களை நம்புவது அவருக்கு ஒத்துவராத காரியம். நாலாவது மாடியில், எதிர்வீட்டுத் தையல்காரம்மா வாரம் ஒருநாள் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிப் பிரார்த்தனை நடத்துவாள். மனைவி போவாள். இவர் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு வீட்டிலேயே கிடப்பார்.

"கண்ணுக்குத் தெரியாதத எப்படிடி நம்புறது?" என்பார். கண்ணுக்குத் தெரிந்தவர்களையும் அவர் நம்பியதில்லை என்பது வேறு விஷயம்.

அன்று காலை லிஃப்ட் நின்றுபோனது. அன்றைக்கென்று பார்த்து மனைவிக்கு டயாலிசிஸ். ஒருநாள் தள்ளினாலும் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். வீங்கிய காலோடு அவளால் ஒரு படி இறங்க முடியாது. டயாலிசிஸுக்காக நெஞ்சில் குழாய் பொருத்தியிருந்ததால் முதுகில் சுமக்கவும் வழியில்லை. நாற்காலியில் வைத்துத்தான் இறக்க வேண்டும். அதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

"தையலக்காவக் கூப்பிடுங்க," என்றாள் மனைவி.

"பாட்டுப் பாடுற கூட்டம் பாரம் தூக்குமா?"

"அப்ப நான் இங்கயே கிடந்து சாகட்டுமா?"

பீரோ போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. திறந்த கதவு வழியே, பிரார்த்தனை நடக்கும் அறையின் நடுவில் ஒரு அலமாரி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

தையல்காரம்மா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு மாடிப்படியில் நின்று ஒரு குரல் கொடுத்தாள். வரிசையாகக் கதவுகள் திறந்தன. படியை அடைத்திருந்த செருப்புத் தட்டுகளும் சைக்கிளும் வீடுகளுக்குள் போயின. மூன்றாம் மாடி சலூன்காரர் ஓடிவந்தார். ஒட்டடைக்குச்சி உடம்பு.

"இவனா? இவனத் தூக்கவே ஒரு ஆள் வேணுமே!"

"தூக்கிப் பாத்துட்டுத் திட்டுங்க, பெரியவரே."

படியில் பாரம் இறக்கும்போது கனமெல்லாம் கீழ்ப்பக்கம் பிடித்தவன் மேல்தான் இறங்கும். அவன் பின்னோக்கி நடப்பான், படி தெரியாது. மேல்பக்கம் இருப்பவன் சொல்லச் சொல்லக் காலை வைக்க வேண்டும். பீரோ எந்நாளும் மேல்பக்கம்தான். அடுத்தவன் வாய்ச்சொல்லை நம்பிக் கால் வைக்கிற ஆளா அவர்? ஆனால் இந்த ஒட்டடைக்குச்சியைக் கீழ்ப்பக்கம் விட்டால் மூவரும் உருளுவது நிச்சயம்.

பல்லைக் கடித்துக்கொண்டு கீழ்ப்பக்கம் பிடித்தார்.

"படி... படி... இன்னொண்ணு... இப்ப தளம், திரும்புங்க," என்று சலூன்காரர் சொல்லிக்கொண்டே வந்தார். அவருடைய கையும் நடுங்கவில்லை, குரலும் நடுங்கவில்லை. கீழே தையல்காரம்மா பீரோவின் முதுகில் உள்ளங்கையைக் கொடுத்தபடி இறங்கினாள். "நான் இருக்கேண்ணே," என்றாள்.

இரண்டாம் மாடி தாண்டியதும் பீரோவுக்குச் சந்தேகம் வந்தது. காலால் படியைத் துழாவினார்.

"துழாவாதீங்க பெரியவரே. வைங்க, படி இருக்கு."

வைத்தார். இருந்தது.

நாற்காலியிலிருந்து மனைவி கேட்டாள்: "கண்ணுக்குத் தெரியாதத எப்படி நம்புறதுன்னு கேப்பீங்களே, இப்ப என்ன பண்றீங்களாம்?"

"வாய மூடுடி. சிரிச்சா கை வழுக்கும்."

படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு.

கீழே யாரோ வண்டியை வரவழைத்து நிறுத்தியிருந்தார்கள். அவளை உட்கார வைத்தார்கள். பீரோ நிமிர்ந்து வியர்வையைத் துடைத்தார்.

"சாயங்காலம் மேல ஏத்தணும். அப்பவும் கீழ்ப்பக்கம் நான்தான்," என்றார் சலூன்காரரிடம். பிறகு தையல்காரம்மா பக்கம் திரும்பினார். "கூட்டம் கூடுற அறையில அலமாரிய நடுவுலயா வைப்பாங்க? அடுத்த பிரார்த்தனைக்கு முன்னால வந்து நகர்த்தித் தரேன்."

"நகர்த்திட்டுக் கிளம்பிடுவீங்களாக்கும்," என்றாள் மனைவி.

பீரோ வண்டியில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அலமாரி நின்ன இடத்துல ஒரு ஆள் உக்காரலாம்," என்றார்.