கேள்விக்குறிக்கு எண் கிடையாது

அன்று காலை மருத்துவப் பதிவேட்டு அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டால் பின்னால் குழப்பம் வராது. பெரிய மேசைக்குப் பின்னால் துறைத் தலைவர். அவருக்கு இடப்பக்கம், கணினிக்கு முன்னால், நம்பரக்கா. மேசைக்கு எதிரே, அறையிலேயே ஆட்டம் இல்லாத ஒரே நாற்காலியில், மச்சான். அவருக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அவருடைய அக்கா. அந்த அக்காவின் கணவர், கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவர், கோப்பு அடுக்குக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு முக்காலியில். யாராவது போகச் சொன்னால் உடனே போய்விட வசதியாக உட்கார்ந்தவர் போல இருந்தார்.

நம்பரக்காவுக்கு அந்தப் பெயர் வந்த காரணம் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அவருடைய கேஸ் ஷீட்டை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை படித்து, டாக்டர் முடிவு செய்த ஒவ்வொரு நோய்க்கும் செய்த ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுவது அவள் வேலை. காப்பீட்டுக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் கேஸ் ஷீட்டைப் பார்ப்பதில்லை. அவர்கள் கண்ணுக்கு மனிதன் என்பவன் அந்த எண்தான்.

கிரேன்காரருக்கு அவள் போட்டிருந்த எண் ஜி நாற்பது. அதற்கு வலிப்பு நோய் என்று பொருள்.

"ஒரு எழுத்து, ரெண்டு நம்பர். அதை வச்சு எங்க மாமா பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்க," என்றார் மச்சான். அதே கம்பெனியில் அவர் மேற்பார்வையாளர். "வீட்டுல மயக்கம் போட்டு விழுந்தாரு. கை கால் ஒரு தடவை இழுத்துச்சு. அதுக்கு நோயாளின்னே முத்திரை குத்திடுவீங்களா? நாளைக்குக் கம்பெனி மெடிக்கல் போர்டு உட்காருது. இந்த நம்பரோட போனா ஆயுசுக்கும் கிரேன் பக்கம் விட மாட்டான்."

"பார்த்துடலாம் தம்பி," என்றார் தலைவர். பார்ப்பதற்கு முன்பே அவருக்கு வியர்த்துவிட்டது.

நம்பரக்கா கட்டைப் பிரித்து டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்தாள். நோய் முடிவு என்ற இடத்தில் டாக்டரின் கையெழுத்து: வலிப்பு நோய். அதற்கு முன்னால், கொக்கி மாதிரி, ஒரு கேள்விக்குறி.

கணினியில் தான் போட்டிருந்த எண்ணை அவள் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். இங்கே சேர்வதற்கு முன் அவள் வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் கோப்புகளுக்குக் குறியீடு போடும் கம்பெனியில் இருந்தவள். அங்கே விதி வேறு. படுக்கையில் சேர்ந்த நோயாளி வீட்டுக்குப் போகும்போது டாக்டர் 'சந்தேகம்' என்று எழுதியிருந்தால், நோய் இருப்பதாகவே எண்ணிக் குறியீடு போடலாம். இந்த ஆஸ்பத்திரியின் விதி அப்படி அல்ல. சந்தேகத்துக்கு எண் கிடையாது. கண்ணால் கண்ட அறிகுறிக்குத்தான் எண். ஒருமுறை இழுத்தது என்றால் இழுத்தது என்பதற்கான எண், ஆர் ஐம்பத்தாறு. அவ்வளவுதான். பழைய வீட்டுச் சாவியைப் புது வீட்டுப் பூட்டில் நுழைக்கிறவர்கள் உண்டு. அவள் நுழைத்ததும் அல்லாமல் திறந்தும் விட்டிருந்தாள்.

"தப்பு என்னோடதுதான்," என்றாள். "டாக்டர் சந்தேகம்னுதான் எழுதியிருக்காரு. நான் உறுதியான நோய்க்கு உண்டான நம்பரைப் போட்டுட்டேன்."

தலைவர் அவளை முறைத்தார். வெளி ஆள் முன்னால் ஒப்புக்கொள்வதா என்ற முறைப்பு. மச்சானோ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அப்பாடா. ஒத்துக்கிட்டாங்க பாருக்கா. சரி, அழிச்சு எழுதிக் குடுங்க. நானே கையோட கொண்டுபோயிடறேன்."

"ஆர் ஐம்பத்தாறுன்னு மாத்திக் குடும்மா. வேலை முடிஞ்சது," என்றார் தலைவர்.

மாற்றியிருக்கலாம். ஆனால் ஒரு குறியீட்டைத் திருத்தினால் கோப்பை மறுபடி முதல் தாளிலிருந்து படித்தாக வேண்டும் என்பது அவள் பழக்கம். மச்சான் காலை ஆட்டிக்கொண்டிருக்க, அவள் தாள் தாளாகப் புரட்டினாள். ஸ்கேன் அறிக்கைகளுக்குப் பின்னால், வரிசை தப்பி, அவசரப் பிரிவு நர்ஸின் தாள் இருந்தது. வந்தபோது ரத்தத்தில் சர்க்கரை, அபாய அளவுக்கும் கீழே. குளுக்கோஸ் ஏற்றியதும் நினைவு திரும்பியது. கடைசி வரி: 'இன்சுலின் போட்டுக்கொள்பவர், காலையில் சாப்பிடவில்லை என்று மனைவி சொல்கிறார்.'

அவள் நிமிர்ந்தாள். கைப்பையைப் பிடித்திருந்த பெண்ணின் விரல்கள் வெளுத்திருந்தன. எந்தத் தாள் அது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அவள் பார்வை தம்பியின் பக்கம் ஒரு கணம் போய் மீண்டது.

நம்பரக்கா கோப்பை மூடினாள்.

"சார், நீங்க கொஞ்சம் வெளியில இருக்கணும்," என்றாள் மச்சானிடம்.

"நானா? எதுக்கு?"

"கோப்பு அவரோடது. அவரும் அவர் சரின்னு சொல்றவங்களும்தான் இருக்கலாம்."

"மாமாவுக்கு வேலை வாங்கிக் குடுத்ததே நான். எனக்குத் தெரியாத விஷயம் அவர்கிட்ட என்ன இருக்கு? மாமா, சொல்லுங்க."

கிரேன்காரர் தரையைப் பார்த்தபடியே, "கொஞ்சம் இரு மச்சான். டீ குடிச்சுட்டு வா," என்றார்.

"நல்லாருக்கு. கல்யாணத்துக்கு நான் வேணும், பந்திக்கு வேண்டாமா?" மச்சான் எழுந்து, நாற்காலியைத் தேவைக்கு மேல் சத்தமாகத் தள்ளிவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் மனைவி பொரிந்தாள்.

"டாக்டர் எழுதாததை நீங்க எதுக்குத் தோண்டுறீங்க? சந்தேகத்தை எடுத்துட்டு, இழுப்புன்னு மட்டும் போடறதா இந்த சார்கூடச் சொன்னாரே. அதோட விடுங்களேன். ஊசி போடறது தெரிஞ்சா கம்பெனியில மறைச்சது வெளியில வரும். மறைச்சதுக்கே அனுப்பிடுவாங்க."

தலைவரும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். "டாக்டர் எழுதாததுக்கு நம்பர் கிடையாதுன்னு எங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவளே நீதானேம்மா."

"நம்பர் கிடையாது சார். ஆனா கேட்கணும். ஒரு தாள் ஒண்ணு சொல்லுது, இன்னொரு தாள் வேற சொல்லுது. பார்த்துட்டுப் பார்க்காத மாதிரி எப்படி விடறது?"

"உன் தப்பை மறைக்க அவங்க குடும்பத்தை இழுக்கிற மாதிரி ஆயிடும்."

அந்தச் சொல் தைத்தது. அவள் டாக்டருக்கான கேள்வித் தாளை எடுத்தாள். அதை எழுதுவது எண் போடுவதைவிடக் கடினம். 'சர்க்கரை குறைந்ததுதானே காரணம்?' என்று கேட்டால் டாக்டரின் வாயில் பதிலைத் திணித்ததாகும். அதனால் இப்படி எழுதினாள்: 'வலிப்பின் காரணம் கோப்பில் தெளிவாக இல்லை. அவசரப் பிரிவுத் தாளும் மூளை அலைப் பரிசோதனை முடிவும் இணைக்கப்பட்டுள்ளன. வலிப்பு நோயா, வேறு காரணமா, தீர்மானிக்க இயலவில்லையா? தங்கள் முடிவை எழுதவும்.'

எழுதும்போதே அவளுக்கு ஒரு பயம் இருந்தது. டாக்டர் வலிப்பு நோய் என்றே எழுதிவிட்டால் ஜி நாற்பதை அவளே மறுபடி போட வேண்டியிருக்கும். மெடிக்கல் போர்டும் நாளைக்குத்தான்.

சேதி அனுப்பியதும் வார்டிலிருந்து டாக்டர் நேராக வந்தார். மச்சான் காலி செய்த நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே தாள்களைப் படித்தார்.

"இந்தத் தாள் எனக்கு வரவே இல்லையே," என்றார் மெதுவாக. பிறகு முக்காலியைப் பார்த்து, "நான் கேட்டப்போ ஒரு வியாதியும் இல்லை, ஒரு மாத்திரை கூடக் கிடையாதுன்னு சொன்னீங்களே?"

"கட்டில் பக்கத்துல மச்சான் நின்னாரு டாக்டர்."

"ஊசி போட்டது எப்போ? சாப்பிட்டது எப்போ?"

"லோடு வந்திருக்குன்னு சீக்கிரம் வரச் சொன்னாங்க. ஊசி போட்டுட்டேன். தட்டு முன்னால உட்காரல."

டாக்டர் கேள்வித் தாளில் எழுதினார்: 'வலிப்பு நோய் அல்ல. இன்சுலினால் சர்க்கரை அளவு தாழ்ந்ததால் ஏற்பட்ட வலிப்பு.' கையெழுத்துப் போட்டு, தேதியிட்டு, "சர்க்கரை நிலைப்படற வரைக்கும் நீங்க உயரத்துல ஏறக் கூடாது. இதை உங்ககிட்ட நேரா சொல்லிட்டேன்," என்று சொல்லிவிட்டு வார்டுக்குத் திரும்பினார்.

இனி என்ன என்பதை நம்பரக்கா எடுத்துச் சொன்னாள். கம்பெனிக்கு இரண்டு விதமாக எழுதலாம். முதலாவது, முன்பு அனுப்பிய குறியீடு தவறு, அதை நீக்கவும் என்ற இரண்டு வரி. அது அவளுடைய தவறைத் திருத்துவது. அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். இரண்டாவது, டாக்டரின் முடிவோடு சேர்த்து முழுக் கடிதம். அதற்குக் கிரேன்காரர் கையெழுத்திட வேண்டும். அவர் மாட்டேன் என்றால் ஆஸ்பத்திரி அனுப்ப முடியாது.

"அப்ப ரெண்டு வரியே போதும்," என்றாள் மனைவி உடனே. "அடுத்த வாரத்துலேருந்து நான் பார்த்துப் பார்த்துச் சாப்பாடு குடுத்து அனுப்பறேன். ஒருநாளும் தவறாது."

தலைவரும், "அதுவும் சரிதான்," என்றார்.

நம்பரக்காவுக்கு ஏதாவது சொல்ல நாக்கு துறுதுறுத்தது. டாக்டரிடம் ஒரு பக்கம் சாய்க்காமல் கேட்டவள், இவரிடம் மட்டும் சாய்த்துக் கேட்கலாமா? இரண்டு கடிதங்களையும் அச்செடுத்து மேசையில் அடுத்தடுத்து வைத்தாள். அறைக்கு வெளியே மச்சானின் செருப்புச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது.

கிரேன்காரர் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"போன மாசம் மேல இருக்கறப்போ ஒரு தடவை கை நடுங்குச்சு," என்றார்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். "என்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க?"

"கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. கம்பிக் கட்டு தொங்கிட்டிருந்துச்சு. பையில இருந்த மிட்டாயை வாயில போட்டுட்டு, இறக்காம அப்படியே பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். கீழேருந்து 'என்ன மாமா, தூக்கமா?'னு ஒருத்தன் கத்தினான்." அவர் கதவைக் காட்டினார். "அவன்தான். நேர் கீழ நின்னுட்டிருந்தான். உன் தம்பி."

மனைவியின் கை பையிலிருந்து நழுவியது. பிறகு அவளே முழுக் கடிதத்தை எடுத்துக் கணவரின் மடியில் வைத்தாள்.

"வேலை போனா?" என்றாள். கேள்வியாகக் கேட்டாள், மறுப்பாக அல்ல.

"போகட்டும்னு சொல்ல எனக்கு என்ன, மாடி மாடியா கட்டி வச்சிருக்கா? தரையில ஏதாவது குடுப்பாங்க, குடுக்காமலும் போகலாம். எங்கே கையெழுத்து?"

நம்பரக்கா இடத்தைக் காட்டினாள். அவர் பெயரை எழுத்து எழுத்தாக, இரும்பு இறக்குகிற நிதானத்தோடு எழுதினார். அவள் கணினியில் ஜி நாற்பதை எடுத்துவிட்டு, சர்க்கரை நோய்க்கு ஒன்று, மருந்தால் சர்க்கரை இறங்கியதற்கு ஒன்று என்று குறியீடுகளைப் போட்டாள். திருத்தத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் 'குறியீட்டாளரின் பிழை' என்று எழுதினாள். தலைவர் அதைப் படித்தார். 'தட்டச்சுப் பிழை' என்று மாற்றச் சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் பேனாவைத் திறந்து அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அடுத்த மாசக் கூட்டத்துல இதுக்கு நீதான் பதில் சொல்லணும்," என்றார்.

"சொல்றேன் சார்."

மச்சான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "டீ ஆறி, நானும் ஆறிட்டேன். முடிஞ்சுதா? குடுங்க, நான் கொண்டுபோறேன்."

"இது கம்பெனி டாக்டர் மட்டும் பிரிக்க வேண்டியது சார். எங்க ஆளே நேர்ல குடுத்துட்டு வருவாரு."

"என்ன மாமா, என் கையில குடுத்தா தின்னுடுவேனா?"

"வா மச்சான், வழியில சொல்றேன்," என்று கிரேன்காரர் எழுந்தார். "முழுசாச் சொல்றேன். நடுவுல பேசாம கேட்டா போதும்."

"பேசாமலா?" என்றார் மச்சான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் கதவைப் பிடித்து வழி விட்டார்.

நம்பரக்கா கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் இட்டாள். ஓரத்தில் பசையை ஓட்டி, கட்டைவிரலால் ஒருமுறைக்கு இருமுறை அழுத்தினாள். மேலே 'அந்தரங்கம்' என்ற முத்திரையைக் குத்தி, தபால் பதிவில் எழுதி, வாசலில் ஹெல்மெட்டோடு நின்ற ஆஸ்பத்திரித் தபால் ஆளிடம் நீட்டினாள். அவர் உறையைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு வண்டியை உதைத்தார்.