மூவாயிரம் மீட்டருக்கு ஒரு கையெழுத்து

பஸ் ஸ்டாண்டு எதிரில் அந்த பேனரைப் பார்த்தபோதுதான் மணிமேகலைக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. பதினைந்து அடி உயரத் துணி. நீலக் கடல். கடலுக்குள் ஒரு திமிங்கலம். வரைந்த பெயிண்டர் திமிங்கலத்தை எங்கே பார்த்தான், ஏரி விரால் மீனுக்குப் பல் வைத்து விட்டிருந்தான். அதற்குப் பக்கத்தில், பட்டு வேட்டி பட்டுச் சட்டையில், ஒரு சொட்டு நனையாமல் கைகூப்பிக்கொண்டு நின்றார் அவள் வீட்டுக்காரர் ஜெயவேல். மேலே கொட்டை எழுத்தில் ‘ஆழ்கடல் வென்ற ஆரணி வேந்தே’ என்று போட்டிருந்தது. வென்ற கதை அப்புறம் இருக்கட்டும், பாஸ்போர்ட்டே போன வாரம்தான் தபாலில் வந்தது. கீழே பட்டு வியாபாரிகள் சங்கம், செயலாளர் குப்புராஜ் என்று, அவர் படத்தோடு. ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழாவாம்.

கீரை விற்கிற சின்னபொண்ணு வாயெல்லாம் பல்லாக, "யக்கா, ஐயா கடலுக்கு அடியில போறாராமே. வரும்போது முத்து கித்து எடுத்துகினு வருவாரா?" என்று கேட்டாள்.

"வந்தா கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு, வாங்கிய கீரையைக்கூட மறந்துவிட்டு நடந்தாள் மணிமேகலை.

விஷயம் இதுதான். இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, பணக்காரர்களைக் கடலுக்கு அடியில் சுற்றுலா கூட்டிப் போகிறோம் என்று சென்னையில் ஆபீஸ் திறந்திருந்தது. மாலத்தீவுக்குத் தெற்கே மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் ஒரு பழைய சரக்குக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறதாம். அதைப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். போகிற வண்டி ஒரு இரும்பு உருண்டை. உள்ளே ஓட்டுகிறவன் ஒருத்தன், பார்க்கிறவர்கள் இரண்டு பேர், முட்டியோடு முட்டி இடிக்க உட்காரவேண்டும். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். இறங்கி ஏற எட்டு மணி நேரம். இதற்கு வாங்குகிற பணத்தைச் சொன்னால் கேட்கிறவர்களுக்கு வயிறு எரியும், அதை விட்டுவிடுவோம்.

எட்டு மணி நேரம்! இங்கே இருக்கிற போளூருக்கு பஸ்ஸில் போவதற்குள் இரண்டு தடவை வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குகிற சர்க்கரை வியாதிக்காரர் ஜெயவேல்.

"அதுக்கு ஏற்பாடு இருக்குது" என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"இன்னா ஏற்பாடு?"

"பாட்டில்."

"பாட்டிலா. நல்லா கீது. துட்டைக் குடுத்துட்டு, ரெண்டு பேரு நடுவுல பாட்டிலைப் புடிச்சிகினு உக்காரப் போறீங்களா?"

ஜெயவேல் சிரிக்கவில்லை. அவருக்கு இது விளையாட்டே இல்லை. வீட்டு முன்கட்டில் இருக்கிற பட்டுப் புடவைக் கடையில் அவரோடு இருபத்தாறு வருஷம் கூட்டாளியாக இருந்த தருமன், தை மாதம் ஒரு புதன்கிழமை, புடவை மடித்துக்கொண்டே சுவரில் சாய்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்து ஜெயவேல் டீ சொல்லி அனுப்பினார். டீ வந்து ஆறிப்போனது, தருமன் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து ஜெயவேலுக்கு அந்தக் கடை மெத்தையில் உட்கார்ந்தால் முதுகு கூசியது.

"அவன் ஆரணியைத் தாண்டி இன்னா பார்த்தான் சொல்லு? காஞ்சிபுரம், பெங்களூர், திரும்பவும் இந்த மெத்தை. நானும் அப்படியே செத்துடணுமா? எவனும் பாக்காத ஒண்ணை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன். அவ்வளோதான் கேக்கறேன்."

அவர் கேட்டது நியாயம்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். தருமன் போன துக்கம் அவளுக்கும் இருந்தது. ஆனால் உட்கார்ந்து சாக மாட்டேன் என்கிற மனுஷன், முட்டி மடக்கி உட்கார்ந்து போகிற ஒரு உருண்டையைத் தேடிப் பிடித்திருக்கிறாரே, இந்த அநியாயத்தை யாரிடம் சொல்வது?

"அந்த உருண்டையை எவன் சோதிச்சான்?"

"வெள்ளக்காரன் செஞ்சது. சும்மாவா செய்வான்?"

இதைச் சொன்னவர் யார்? ஜரிகைக் கட்டு வந்தால் ஒவ்வொரு கட்டிலும் ஒரு இழை உருவி, உரசி, லென்ஸ் வைத்துப் பார்க்கிறவர். இருபது வருஷமாக ஜரிகை கொடுக்கிற ஆளையும் எதிரில் உட்காரவைத்துக்கொண்டே பார்க்கிறவர். புதுச் சாயம் போட்ட புடவை என்றால் முந்தானை ஓரத்தை நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து, துணியில் ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புகிறவர். ‘சாயம் போகாது, போனால் எந்த வருஷமானாலும் கொண்டுவரலாம்’ என்று ஒவ்வொரு பில்லிலும் எழுதித் தருகிற கடை ஆரணியிலேயே அவருடைய கடைதான். படவேட்டிலிருந்து ஒரு அம்மா பதினோரு வருஷத்துப் புடவையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, மறுபேச்சு பேசாமல் வேறு புடவை எடுத்துக் கொடுத்தார். அந்த மனுஷன்தான் வழவழ காகிதத்தில் இங்கிலீஷில் பத்துப் பக்கம் வந்ததும், ஒரு பக்கம்கூடப் படிக்காமல் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கடைசிப் பக்கத்தில் இன்னொரு கோடு காலியாக இருந்தது. மனைவியின் கையெழுத்து. அது இல்லாமல் சீட்டு இல்லை.

"சும்மா ஒரு பார்மாலிட்டி. போட்டுக் குடு" என்றார்.

மணிமேகலை போடவில்லை. படித்தாள். அவள் வேலூரில் போய் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள் என்பதை அந்த வீட்டில் எல்லோரும் எப்போதோ மறந்துவிட்டிருந்தார்கள். ஜெயவேலின் எழுத்து கோழி கிளறினமாதிரி இருக்கும் என்பதால் கடையில் பில் எழுதுகிற வேலை அவளுக்கு வந்தது. அவள் படித்த படிப்புக்கு மிஞ்சினது அதுதான். இப்போது அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மத்தியானம் உட்கார்ந்து பத்துப் பக்கத்தையும் படித்து முடித்தாள். படிக்கப் படிக்க வரிகளுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனாள். கோபம் பாதி, பயம் பாதி. பயத்தைச் சொன்னால் அவர் சிரிப்பார் என்று கோபத்தை மட்டும் காட்டினாள்.

"இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"இப்ப இன்னாத்துக்கு பேஜார் பண்றே? ஊரே பேனர் வச்சிட்டாங்க. நாளைக்கு அந்தக் கம்பெனிப் பையன் வரான். அவன் எதிர்ல எதுவும் பேசாதே."

மறுநாள் பதினோரு மணிக்கு ஏசி கார் வாசலில் வந்து நின்றது. இறங்கியவன் பெயர் கோபிநாத். முப்பது வயதிருக்கும், டை கட்டியிருந்தான். நல்ல பையன்தான், கெட்டவன் என்று சொல்ல முடியாது. "வணக்கம் சார், வணக்கம்க்கா" என்று இருவரையும் கும்பிட்டு, மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காபி நன்றாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னான்.

"அக்கா கையெழுத்து ஒண்ணுதான் சார் பாக்கி. அதை ஜல்தியா வாங்கிட்டு வந்துடுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

"ஆயிடும், ஆயிடும்" என்றார் ஜெயவேல்.

மணிமேகலை உள்கட்டு நிலைப்படியில், காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பேசாதே என்றார் அல்லவா, பேசவில்லை.

கோபிநாத்தின் கண் புடவை அலமாரிப் பக்கம் போனது. "சார், ஆரணி வரைக்கும் வந்துட்டு வெறுங்கையோட போனா என் ஒய்ஃப் வீட்டுக்குள்ள விடமாட்டா. ஒரு நல்ல புடவை காட்டுங்களேன்."

அவ்வளவுதான், ஜெயவேல் பழைய ஜெயவேல் ஆகிவிட்டார். ஆழ்கடலும் இல்லை, வேந்தும் இல்லை. விரித்தார், மடித்தார், வெளிச்சத்தில் பிடித்தார். கத்தரிப்பூ நிறத்தில் அரக்கு பார்டர் போட்ட ஒரு புடவையில் கோபிநாத்தின் கண் நின்றது. ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். பார்டர் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"சாயம் போகுமா சார்?"

ஜெயவேல் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, முந்தானை ஓரத்தை நனைத்து, வெள்ளைத் துணியால் தேய்த்துக் காட்டினார். துணி வெள்ளையாகவே இருந்தது.

"இது சரி சார். ஆனா வாயால சொல்றது வேற இல்லையா? பில்லுல எழுதிக் குடுத்துடுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது? பொருளை விக்கறவங்கதானே பொறுப்பு ஏத்துக்கணும்."

நிலைப்படியில் நின்ற மணிமேகலைக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. விடுவிடுவென்று வந்து பில் புக்கை இழுத்தாள்.

"நான் எழுதித் தரேன் தம்பி."

எழுதினாள். சாதாரணமாக ஒரு வரி எழுதுகிறவள், முன்பக்கம் போதாமல் பின்பக்கமும் திருப்பி எழுதினாள். கம்பெனிக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்து, பார்த்துப் பார்த்து எழுதினாள். ஜெயவேல் இரண்டு தடவை கனைத்தார். அவள் நிமிரவே இல்லை. கிழித்துக் கோபிநாத்திடம் நீட்டினாள். அவன் சிரித்த முகத்தோடு வாங்கி, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தான்.

"இந்தப் புடவை பரிசோதனை நிலையில் உள்ளது. எந்த அமைப்பும் இதைச் சோதித்துச் சான்று தரவில்லை என்பதை நான் அறிவேன். சாயம் போனாலும், ஜரிகை கறுத்தாலும், புடவை முழுவதும் அழிந்தாலும், அதற்குக் கடைக்காரரின் கவனக்குறைவே காரணமாக இருந்தாலும், நானோ, என் மனைவியோ, என் வாரிசுகளோ எந்தக் கேள்வியும் கேட்க மாட்டோம்..."

பாதியில் நிறுத்தினான். "என்னக்கா இது?"

"உங்க பேப்பர்தான் தம்பி. இங்கிலீஷ்ல இருந்ததைத் தமிழ்ல எழுதினேன். உருண்டைன்னு இருந்த எடத்துல புடவைன்னு போட்டேன். ஆளு செத்தாலும்னு இருந்த எடத்துல அழிஞ்சாலும்னு போட்டேன். வேற ஒண்ணும் மாத்தலை. கையெழுத்துப் போட்டுட்டுப் புடவையை எடுத்துகினு போங்க."

கோபிநாத் சிரித்தான். பழக்கத்தில் வந்த சிரிப்பு. "இப்படி எழுதிக் குடுத்தா யாருக்கா வாங்குவாங்க?"

சொல்லி முடித்தபிறகுதான் சொன்னது இன்னதென்று அவனுக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

ஜெயவேல் கையை நீட்டி அந்தத் தாளை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மெல்ல, ஒவ்வொரு வரியாக, ஜரிகைக்கு லென்ஸ் வைக்கிறமாதிரி படித்தார்.

"கவனக்குறைவே காரணமா இருந்தாலும்னு இருக்குதா அதுல?"

"நாலாம் பக்கம்" என்றாள் மணிமேகலை.

"சோதிக்கலைன்னு?"

"ரெண்டாம் பக்கம். முதல் பத்தி."

அவர் கோபிநாத்தைப் பார்த்தார். "தம்பி, நீ அதுக்குள்ள உக்காந்து போயிருக்கியா?"

"நான் மார்க்கெட்டிங் சார்."

"உங்க முதலாளி?"

"அடுத்த சீசன்ல... போறதா இருக்காரு சார்."

ஜெயவேல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது. பேசினபோது குரல் எழும்பவில்லை, ஆனால் அந்தக் குரலைக் கேட்டு மணிமேகலையே ஒரு அடி பின்னால் போனாள்.

"ஆறு கஜம் துணிப்பா இது. நனைஞ்சா காயும், கிழிஞ்சா வேற வாங்கலாம். இதுக்கே நான் எழுதிக் குடுக்கறேன். நீ மனுஷனை உள்ள வச்சு மூடி அனுப்பறே, பொறுப்பில்லைன்னு அவன் பொண்டாட்டிகிட்டயே எழுதி வாங்க வந்திருக்கே. என் வீட்டுக் காபியைக் குடிச்சிகினு. நான் வரலை. போய்ச் சொல்லு."

"சார், பேனர்லாம் வச்சிருக்காங்க..."

"அவுத்துடச் சொல்றேன்."

அப்புறம் மணிமேகலை பக்கம் திரும்பினார். அவள் ஜெயித்தாள் என்று அவர் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அங்கே இருந்தது வெறும் சலிப்புதான்.

"சரி. தருமன் மாதிரி இங்கியே உக்காந்துகினு இருக்கேன். திருப்தியா?"

"யாரு உங்களை உக்காரச் சொன்னது?" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கவில்லை. "எழுந்து எங்க வேணா போங்க. ஊரு உலகமெல்லாம் போங்க. பத்துப் பக்கம் படிச்சேன், எனக்கு ஒரு எடம் இருக்குதான்னு அதுல எங்கயும் இல்லை. நீயும் வரியான்னு நீங்களும் கேக்கலை. நீங்க செத்தா கேள்வி கேக்கக் கூடாதுன்னு எழுதற எடத்துல மட்டும்தான் என் பேரு இருந்தது."

ஜெயவேல் கம்பெனிக் காகிதத்தை எடுத்து, தான் போட்ட கையெழுத்தைப் பார்த்தார். அந்தப் பக்கத்தை இரண்டாகக் கிழித்தார்.

கோபிநாத் எழுந்து செருப்பைத் தேடினான். தேடி மாட்டியபிறகும் போகாமல் நின்றான். அவனுக்கு வீட்டில் வேறு பயம் இருந்தது.

"அக்கா... அந்தப் புடவை..."

மணிமேகலை அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பில் புக்கில் அடுத்த தாளைத் திருப்பினாள். ‘சாயம் போகாது. போனால் எந்த வருஷமானாலும் கொண்டுவரவும்’ என்று எழுதி, கீழே முழுப் பெயரையும், மணிமேகலை ஜெயவேல் என்று, அழுத்தமாகப் போட்டாள்.

அவன் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான். அவள் கையெழுத்தை வாங்கி வரத்தான் கம்பெனி அவனை ஆரணிக்கு அனுப்பியிருந்தது. வாங்கிக்கொண்டுதான் போனான்.