பாதி சொன்னால் போதும்

குளிர்பதனக் கிடங்கில் மீன் பெட்டி அடுக்கும் அவளுக்கு, உடன் வேலை செய்தவர்கள் வைத்த பெயர் வாயாடி. தமிழில் வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. இங்கிலீஷ் என்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரித்தெடுக்கத்தான் வேலை முடிந்த கையோடு மாலை வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

வகுப்பெடுக்கும் மிஸ்ஸுக்கு இங்கிலீஷ் பழமொழிகள் என்றால் உயிர். சொல்லிக்கொடுக்கும் முறையும் அலாதி. "முதல் பாதிய நீங்க சொல்லுங்க. எதிர்ல இருக்கிறவங்க வாய் சும்மா இருக்காது, மீதிய அவங்களே சொல்லிடுவாங்க. ஒரு தேங்க்யூ சொல்லிட்டு வந்துடுங்க. கூச்சம் போயிடும்" என்பார். வாரம் ஒரு பழமொழியை வெளியாள் ஒருவரிடம் சொல்லிவிட்டு வருவதுதான் வீட்டுப்பாடம். வகுப்புக்குள் தமிழ் வாடையே அடிக்கக்கூடாது. அடித்தால் வாசலைக் காட்டிவிடுவார்.

வாயாடிக்கு வாய்த்த வெளியாள் கிடங்கின் காவலாளி. தமிழ் சுத்தமாகத் தெரியாது. நல்ல மனிதர், தொப்பை குலுங்கச் சிரிப்பார். இவள் பாதி சொல்வாள், அவர் மீதியை ராகம் போட்டு முடிப்பார். நேரில் பார்க்க முடியாத நாளில் இன்டர்காமில் கூப்பிட்டாவது பாடத்தை முடித்துக்கொள்வாள். இதைப் படிப்பு என்று அவளும் நம்பினாள், மிஸ்ஸும் நம்பினார். நாம் என்ன சொல்ல?

அன்று வேலை முடிந்து எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் விடுமுறை. டேப் வெட்டும் கத்தியை ஃப்ரீசர் அறையிலேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது. எடுத்துக்கொண்டு வர எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது என்று கனத்த கோட்டைக்கூட மாட்டாமல் உள்ளே போனாள். கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. அது எப்போதும் நடப்பதுதான். உள்ளேயிருந்து திறக்க ஒரு குமிழ் உண்டு, அழுத்தினால் போதும். அழுத்தினாள். அசையவில்லை. பனி கட்டி இறுகியிருந்தது. தோளால் இடித்தாள், காலால் உதைத்தாள். கதவு மசியவில்லை.

செல்போன் வெளியே கைப்பையில் கிடந்தது. இனி நாளன்றைக்குத்தான் ஆள் வரும். வருகிறவன் கதவைத் திறக்கும்போது பெட்டியோடு பெட்டியாகத் தானும் விறைத்துக் கிடப்பதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கும் மகள் ஞாபகம் வந்தது. பல் தந்தியடித்தது.

சுவரில் இன்டர்காம் இருந்தது. பாய்ந்து எடுத்தாள். "ஹலோ" என்றார் காவலாளி.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம். இங்கிலீஷில் சொல்ல வேண்டுமே என்று நினைத்ததுதான் தாமதம், தலை காலியாகிவிட்டது. வாய் மட்டும் பழக்கத்தில் அந்த வாரத்துப் பழமொழியின் முதல் பாதியை ஒப்பித்தது. அதுவும் எதைப் பற்றி? காலத்தைக் கடத்தாதே என்பதைப் பற்றி!

காவலாளி கடகடவென்று சிரித்தார். மீதியை இழுத்துப் பாடிவிட்டுப் போனை வைத்தார்.

இன்டர்காம் பொத்தானை மறுபடி அழுத்தினாள். விரல் மரத்துப்போயிருந்தது. இந்த முறை போன வாரத்துப் பாதி வந்தது. அவள் குரல் நடுங்கியதை அவர் கவனிக்கவேயில்லை. மீதியைச் சொல்லி "குட்பை" என்றார். சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது. கேட்டைப் பூட்டக் கிளம்புகிறார். அப்புறம் அவர் மேசையில் மணி அடித்தாலும் எடுக்க ஆளில்லை.

மூன்றாவது முறை மணி அடித்துக்கொண்டே இருந்தது. போய்விட்டார், அவ்வளவுதான் என்று ரிசீவரை வைக்கப் போகும்போது "ஹலோ?" என்றது குரல். இப்போது அவளுக்கு மிஸ்ஸும் இல்லை, வகுப்பும் இல்லை. பெருங்குரலில் தமிழில் கத்தினாள்.

"ஐயோ சார், டோர் தெறக்க மாட்டேங்குது சார்! ஃப்ரீசர்ல மாட்டிக்கிட்டேன் சார்! ஹெல்ப் பண்ணுங்க சார், என் பொண்ணு நிக்கிறா சார்!"

மறுமுனையில் சிரிப்பு இல்லை. ரிசீவர் மேசையில் விழுந்து உருளும் சத்தம், பிறகு கதவுக்கு வெளியே தடதடவென்று பூட்ஸ் ஓடிவரும் சத்தம்.

அடுத்த வகுப்பில் மிஸ் வழக்கம்போல் பலகையில் ஒரு பாதியை எழுதினார். வகுப்பு முழுவதும் மீதியைக் கோரஸாக முழங்கியது. வாயாடி மட்டும் வாயைத் திறக்கவில்லை. உடம்பு தேறிவிட்டிருந்தது. மிஸ் அவளை எழுப்பி, என்ன ஆயிற்று என்று இங்கிலீஷில் கேட்டார்.

"பாதிப் பேச்சு எனக்கு வேணாம் மிஸ்" என்றாள் அவள், தமிழிலேயே. "மீதிய அவங்க சொல்லிட்டு, போன வச்சிடுறாங்க."